பட்டியலில் இல்லாத மாடல்

வெண்டெல் ஹ்ருஷ்கா அவர்களுக்கு,
சைக்கிளை விட்டுப்போன அன்று மூன்று கேட்டீர்கள்:
எந்த வருடம், எந்தக் கம்பெனி, என்ன தேறும்.
மூன்று வாரம் ஓடிவிட்டது. லொரெய்னில்
ஏரி உறைந்து, ஒருமுறை உடைந்து,
மறுபடி உறைந்தாயிற்று.

முதலில் சுலபமானது.
பின்சக்கர பிரேக் கையில்
பொடியாக ஓர் எழுத்து, ஓர் எண்.
மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போட்டுத் தேய்த்ததில்
நாற்பத்தாறு, வசந்தம் என்றது.
ஆனால் சக்கரம் சொல்வது சக்கரத்தின் வயது.
கட்டிய பல்லைப் பார்த்து
ஆளுக்கு வயது சொல்ல முடியுமா?

சங்கிலி, ஒரு பல் விட்டு ஒரு பல் கடிக்கும் பழைய இனம்.
ஒத்துப்போனது.
சீட்டின் சுருள்வில்லுக்குள் எலி கட்டிய கூடு
எதையும் சொல்லவில்லை.

நெற்றியில் பட்டயம் இல்லை.
ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துளைகள் மட்டும்.
ஒரே ஆலை ஒரே சட்டத்தைச் செய்து
டயர்க்கடைக்கு ஒரு பெயர், ஆணிக்கடைக்கு ஒரு பெயர் என்று
நெற்றியை மட்டும் மாற்றி விற்ற காலம் அது.
துளைகளின் இடைவெளியை அளந்தேன்.
பத்துப் பெயர் பொருந்தியது.

பிறகு சட்டம்.
என் அலமாரியில் பதினாறு பழைய விலைப்பட்டியல்கள்.
தாழ்ந்து வளையும் இரட்டைக் குழாய் உண்டு,
மேலே நேர்க்குழாய் உண்டு,
இரண்டும் சேர்ந்தது எதிலும் இல்லை.
டோலிடோவிலிருந்து ஃபாரிஸ் நக்கூசி வந்தார்,
நாற்பது வருடமாக இதே பைத்தியம்.
குனிந்து பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார்.
"சோதனைக்குச் செய்த ஒற்றை வண்டியாக இருக்கும்.
மூவாயிரம் தருகிறேன்."

நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன்.

அந்தப் பச்சைதான் விடவில்லை.
தூரிகையால் அடித்த பச்சை,
திருகின் பள்ளத்துக்குள்ளும் ஓடிய அவசரப் பச்சை.
நகத்தளவு சுரண்டினேன்.
அடியில் அரக்குச் சிவப்பு, ஓரமாகத் தந்த நிறக் கோடு,
நடுங்காத ஆலைக் கை.
நேர்க்குழாயைச் சுரண்டினேன்.
சிவப்பு இல்லை. பச்சைக்குக் கீழே வெறும் இரும்பு,
முனை இரண்டிலும் மெல்லிய பித்தளை வளையம்.

மேல்குழாய் பிறகு வைத்தது, வெண்டெல்.
இது பெண்பிள்ளை சைக்கிள்.

பின் மட்கார்டில் பெயிண்டுக்குள் புதைந்து
நகராட்சி உரிமத் தகடு, 417.
நிலவறையில் பேரேடு இன்னும் இருக்கிறது.
எழுதியவருக்கு அழகான கையெழுத்து:
ஓப்பல் ஜெர்னிகன், வயது பதினொன்று,
அரக்குச் சிவப்பு, வெள்ளைக் கைப்பிடி.
அதே வரியில், வேறு மையில்:
ஜூலை 9, 1949. நூலக வாசல். காணவில்லை.

பேப்பர் போட்ட காசில், பதினாலு வயதில்,
அப்பா புதிதாக வாங்கியது என்றீர்கள்.
பொய் என்று இரும்பு சொல்லவில்லை.
யாரிடமோ பாதி விலைக்கு வாங்கியிருக்கலாம்.
பெண்பிள்ளை வண்டி என்று தெரு சிரித்திருக்கலாம்.
ஆனால் அந்தப் பற்றவைப்பு பையன் வேலை இல்லை,
ஒரு சொட்டு வழியவில்லை.
கப்பல் பட்டறையில் யாராவது இருந்தார்களா
உங்கள் வீட்டில்?
எதைக் கேட்டிருப்பார் அவர்,
எதைக் கேட்காமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருப்பார்,
அதற்கு என்னிடம் பட்டியல் இல்லை.

ஆக, வருடம் நாற்பத்தாறு, பெரும்பாலும்.
கம்பெனி, பாதி க்ளீவ்லாண்ட் என்று என் ஊகம்,
மீதி உங்கள் கொல்லைப்புறம்.
விலை... டோலிடோக்காரரிடம்
நான் இன்னும் வாய் திறக்கவில்லை.
அது உங்கள் பாடு.

மணியை மட்டும் கழற்றி ஒரு கவரில் போட்டிருக்கிறேன்.
மூடிக்குள் பச்சை போகவில்லை.
உட்புறம் ஆணியால் கீறிய ஓ. ஜெ.
தொலைபேசிப் புத்தகத்தில் ஒரே ஒரு ஜெர்னிகன்,
எலிரியா சாலையில்.
நான் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்குமேல் வாருங்கள்.
பின்கதவு குளிரில் இறுகியிருக்கும்,
தோளால் தள்ளுங்கள்.