இரண்டு புள்ளி மூன்று ஒன்று

இழுவை வண்டிக் கம்பெனியில்
இரவு முழுக்க ஃபோன் எடுப்பவள் நான்.
துலூத் நகரம், மினசோட்டா.
பனி அவசரம் அறிவித்தால்
தப்பான பக்கம் நிற்கும் கார்களெல்லாம்
பயிர் மேய்ந்த மாடுகளாக எங்கள் பட்டியில் அடைபடும்.
பின்னாலேயே வரும் வாதங்கள்.

"எல்லாரும்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள்."
"பலகை என் கண்ணில் படவில்லை, ஆகவே பலகை இல்லை."
"போன செவ்வாய் விட்டீர்களே, இந்தச் செவ்வாய் மட்டும் ஏன்?"

நூற்றெண்பத்தைந்து டாலர் என்று சொல்லிவிட்டு
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன்:
பலர் செய்ததால் சரியாகிவிடாது.
காணாதது இல்லாததாகாது.
மூன்றாவது ஆள் சொன்னதில் பிழை எங்கே என்று
விடியும்வரை தேடினேன்.
பிழை இல்லை.
காரைச் சும்மா விட எனக்கு அதிகாரமும் இல்லை.

சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு
நான் சேர்ந்த வகுப்பு இதுதான்.
முதல் மாதிரித் தேர்வில் நூற்று நாற்பத்தொன்பது.
வேண்டியது நூற்றெழுபத்தைந்து.
ஏன் அவ்வளவு என்றால்
கல்லூரியில் என் சராசரி இரண்டு புள்ளி மூன்று ஒன்று.
நாலுக்கு.
வேதியியலில் ஓர் எஃப்,
உறைபனியில் புதைந்த கார் மாதிரி.
அதை இழுக்க எந்த வண்டியும் கிடையாது.

சுத்தம் செய்யாத பூட்ஸோடு ஆர்லன் உள்ளே வருவான்,
ஓட்டுநர், பள்ளிக்கூடம் பாதியில் விட்டவன்.
"ஒண்ணு படி" என்பான்.
படிப்பேன். காப்பியை ஊதிக்கொண்டே "சி" என்பான்.
நான் அம்புக்குறிகள் போட்டு, எதிர்மறை திருப்பி,
நாலு நிமிடம் கழித்து "டி" என்பேன்.
விடை சி.

விளக்கம் எழுத ஒரு பக்கம் தருகிறார்கள்.
மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், ஒரே பக்கம்.
"எனக்குப் பத்தொன்பது வயது, அந்த வருஷம்தான் அப்பா"
என்று ஆரம்பித்தேன்.
அந்த வருஷம் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஏரிக்கரையில் சவுனா கட்டிக்கொண்டு
சந்தோஷமாகத்தான் இருந்தார்.
அழித்தேன்.
எட்டு மணி வகுப்புக்கு நான் எழுந்திருக்கவில்லை.
ஏன் என்று அப்போதும் தெரியாது,
இப்போதும் தெரியாது.

ஒரு ராத்திரி ஃபோன் ஓய்ந்தபோது
என்மேலேயே ஒரு கேள்வி போட்டுப் பார்த்தேன்.
நன்றாகப் படிப்பவர் நல்ல மதிப்பெண் வாங்குவார்.
லோரீன் ஹாட்டலா வாங்கவில்லை.
ஆகவே அவள் நன்றாகப் படிப்பவள் அல்ல.
அழகான வாதம். ஓட்டை இல்லை.
எவ்வளவு நேரம் சுற்றிவந்தும்
கை நுழைய இடமில்லை,
கடைசிச் சொல்லில் தவிர.
படிக்கவில்லை என்பது வேறு,
படிப்பவள் அல்ல என்பது வேறு.
முன்னதில் ஒரு வருஷம் இருக்கிறது,
ஓர் அறை, தலையணைக்கடியில் கத்தும் அலாரம்.
பின்னதில் காலமே இல்லை.

அதைத்தான் எழுதினேன். மூன்று வரி.
அப்போது படிக்கவில்லை. இப்போது படிக்கிறேன்.
சான்று இணைப்பில்.

நவம்பரில் வந்தது நூற்றெழுபத்தொன்று.
தாதுக் கப்பலொன்று பாலத்தைத் தூக்கச் சொல்லி
ஊதிக்கொண்டிருந்தது.
ஆர்லன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.
ஜனவரிக்கு மறுபடி பணம் கட்டியதைச் சொன்னதும்
இறக்கிவிட்டான்.
"நாலு மார்க்குக்கா?"
"நாலு மார்க்குக்கு."

நேற்றுப் பனி அவசரம்.
மூன்றரை மணிக்கு ஒரு பையன், குரல் நடுங்க:
"தப்புதான் மேடம். காரணமெல்லாம் ஒன்றுமில்லை.
அது அப்போது. இனிமேல் அங்கே நிறுத்தவே மாட்டேன்."

பென்சிலை எடுத்தேன்.
ரசீதின் பின்பக்கம் எதுவும் எழுதவில்லை.
நம்புகிறேன் என்றேன்.
நிஜமாகவே நம்பினேன்.

நூற்றெண்பத்தைந்து டாலர் என்றேன்.