கொடிக்கு முப்பத்தைந்து வெட்டு

மில்தூராவில் ஜூலை.
கம்பியில் பனி உறைந்து, இலையில்லாத திராட்சைக் கொடிகள்
கிறுக்கலாய் நிற்கிற மாதம்.
கொடிக்கு முப்பத்தைந்து வெட்டு,
நாளுக்கு நூற்றியிருபது கொடி.
பெருக்கிப் பார்த்த அன்றுதான் உனக்கு நோகத் தொடங்கியது
என்று ஜெகசோதி பகிடி பண்ணுவாள்.

முதலில் ஒரு புள்ளிதான்.
முழங்கையின் உட்பக்க எலும்பில்,
சோப்புப் போடும்போது விரல் தட்டுப்படுகிற இடத்தில்.
பிறகு கேத்தில் தூக்கையில்.
பிறகு ஊறுகாய்ப் போத்தல் மூடியில்.
பிறகு ஒன்றும் தூக்காமல், போர்வைக்குள், சும்மா.

பிசியோவின் பெயர் பிரான்வின்.
இதற்குக் கோல்ஃப்காரர் முழங்கை என்று பெயராம்.
நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், வெவ்வேறு காரணங்களுக்காக.
கோல்ஃப் மைதானம் எனக்குத் தெரியும்:
காலை ஐந்தேமுக்காலுக்கு வானின் ஜன்னலால்
ஓடிக் கடக்கிற ஒரு பச்சை.

அவள் காட்டிய படத்தில்
எலும்பில் ஒட்டியிருந்தது தசைநாண்.
நாண். வில்லில் கட்டுவது.
எய்து முடித்தும் தளர்த்தாமல்
இரவெல்லாம் இழுத்தபடியே வைத்த வில்.

முழுதாய் ஓய்வெடுக்கட்டா என்றேன்,
வாடகையை நினைத்தபடி.
வேண்டாம் என்றாள். கொஞ்சம் குறை, நிறுத்தாதே.
மேசை விளிம்பில் முன்கை, உள்ளங்கை மேலே,
அதில் ஒரு தேங்காய்ப்பால் தகரம்.
தூக்கிவிடுவதற்கு மற்றக் கை.
இறக்குவது மட்டும் இந்தக் கையின் வேலை:
ஒன்று... இரண்டு... மூன்று... நாலு...
பதினைந்து தரம். ஒன்றைவிட்டொரு நாள். பன்னிரண்டு கிழமை.

நோவு பத்தில் எத்தனை என்று கேட்டாள்.
மூன்றைத் தாண்டினால் நிறுத்த வேண்டுமாம்.
என் பத்து எந்த முட்கம்பிக்குள் கிடக்கிறதென்று
அவளுக்கெப்படித் தெரியும்.
இரண்டு என்றேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.

கத்தரியை வாங்கிப் பார்த்த ஜெகசோதி
"இதென்னடி, வெட்டுறியா நெரிக்கிறியா?" என்றாள்.
மூன்று கிழமையாய்த் தீட்டாத வாய்.
மதியச் சாப்பாட்டுக்கு முன் கல்லில் தேய்த்துத் தந்தாள்.
அதுவரை கை அமத்தினதெல்லாம்
இரும்பின் கடன்.

தடித்த கிளைகளை சியோனே தன் நீளக் கத்தரியால் வெட்டினான்,
பதிலுக்கு அவன் வரிசையின் மெல்லியவற்றை நான்.
இடக்கைக்கும் பழக்கினேன்.
அது வெட்டிய இடங்கள்
குழந்தை கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தன.
ஆறாம் கிழமை ஒருநாள் நன்றாயிருக்கிறதென்று
இருநூறு கொடி வெட்டினேன்.
அன்றிரவு திரும்பவும் போர்வைக்குள் வந்தது,
பழைய வீட்டுக்காரன் போல, கதவு தட்டாமல்.
திரும்ப ஒன்று, இரண்டு.

செப்டம்பரில் மொட்டு வெடித்தது.
கடைசிநாள் கூலி தந்துவிட்டு
கிரெக் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்,
வழக்கம்போல ஒரு பம்பியை அடிக்கிற குலுக்கல்.
எத்தனை என்று என்னையே கேட்டேன்.
மூன்று.
உண்மையான மூன்று.

தகரத்தை இன்னும் உடைக்கவில்லை,
ஒரு பக்கம் நெளிந்து மேசையில் இருக்கிறது.
இன்று சொதிக்கு
வேறொன்று வாங்கி வந்தேன்.