ஏழாம் யூனிட்டில் ஒரு யூனிட்

சாட்ஸ்வொர்த்தில் வீடு கேட்டால்
தெருப்பெயர் வேண்டாம்,
யூனிட் எத்தனை என்பார்கள்.
நான் ஏழு.
அப்பா காலத்து அரசாங்கம்
எங்களை நறுக்கி எண் போட்டுக் கொடுத்தது.
அது போய்விட்டது.
எண் போகவில்லை.

மீட்டரில் ஓடுவதும் யூனிட்தான்.
இருபது இலக்கம் அழுத்தினால்
அடுப்புக்கும் கீசருக்கும் கொஞ்சம் வரும்.

மூன்றாவது யூனிட் கராஜில் இருக்கிறது,
பழைய கம்ப்யூட்டருக்குள்.
எங்கோ ஒரு தொலைநோக்கி கேட்ட இரைச்சலை
வீடு வீடாகப் பங்கு வைத்ததில்
என் வீட்டுக்கு விழுந்த துண்டு.
இதற்குள் ஏதாவது துடிக்கிறதா,
பார்த்துச் சொல்ல வேண்டும்.
கூலி கிடையாது.

மற்றத் துண்டுகளுக்கு நாலு மணி நேரம்.
இரண்டு கீசர் பழுதுபார்த்துத் திரும்புவதற்குள்
ஒன்று முடிந்து போயிருக்கும்.
இது அறுபத்தொரு மணி நேரமாக
98.412-ல் உட்கார்ந்திருக்கிறது.
மீதி நேரம்
காலையில் பத்து நிமிடம் என்றது,
மாலையில் பதினோரு மணி நேரம் என்கிறது,
கடன்காரன் தவணை சொல்வதுபோல.

முதலில் என் பெட்டியைத்தான் சந்தேகித்தேன்.
தகட்டைக் கழற்றினால்
விசிறியில் தூசி, முடி, ஒரு பல்லிவால்.
பல்லியைக் காணோம்.
குபாஷ்ணியின் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன்.
எண்பத்தெட்டு டிகிரி எழுபத்தொன்றானது.
98.412 அப்படியே.

கரண்ட் போகாத அபூர்வமான ஓர் இரவில்
மெமரியை விடிய விடியச் சோதித்தேன்.
பிழை பூஜ்யம்.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.
என் வீட்டுக் கோளாறு என்றால்
எனக்குத் தெரிந்த கோளாறு.

இதே துண்டு ஐந்து பேருக்குப் போயிருக்கிறது.
பெயர் இல்லை, எண்கள் மட்டும்.
ஒருவர் ரத்து செய்துவிட்டார்.
இன்னொருவரும்.
ஒருவருக்குப் பிழை.
ஒருவர் கெடு தாண்டியும் பேச்சில்லை.
ஐந்தாமவர் இன்னும் ஓட்டுகிறார்.

"தூக்கி எறி, ப்ரோ.
ராண்டைக் கொளுத்துறே" என்றான் மச்சான் பூபாலன்.
சரி, எறிந்துவிடலாம் என்று
அம்புக்குறியை ரத்து வரைக்கும் கொண்டு போனேன்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
நிலை நான்கு. பத்திலிருந்து பன்னிரண்டு.
பொதுச்சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு டிவியும்
பாதி வசனத்தில் செத்தது.

வெளிச்சம் வந்ததும்
கடைசியாக எழுதி வைத்த இடத்திலிருந்து
மறுபடி தொடங்கியது.
எழுதி வைத்த இடமா?
கோப்பைத் தேடித் திறந்தேன்.
கடைசி மாற்றம் 2:47.
டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
2:57.
கடந்த நேரம், உழைத்த நேரம் என்று இரண்டு கணக்கு உண்டு;
இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை.
நின்றுபோனது முள்தான்.
வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

யூனிட் மூன்றில் ஒரு வீட்டில்
தண்ணீர் சுடவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.
கையை வைத்தேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

கெடு வெள்ளி நண்பகல்.
மீட்டர் வியாழன் இரவே கீச்சிட்டது: 4.2.
டோக்கன் வாங்கச் சம்பளம் திங்கட்கிழமை.
யோசித்துப் பார்த்து
கீசர் சுவிட்சைக் கீழே தட்டினேன்.
"கீசர்காரன் பெண்டாட்டிக்குப் பச்சைத்தண்ணி,
நட்சத்திரத்துக்கு வெந்நீரா?" என்று
குளியலறையிலிருந்து ஒரு கத்தல்.
கதவு அறைந்த வேகத்தில்
கராஜ் பல்பு ஆடியது.

ஹடீடாக்கள் கூரைமேல் கரைந்த வேளையில்
98.412
சொல்லாமல் கொள்ளாமல்
100 ஆனது.

துடித்ததா, துடிக்கவில்லையா?
தெரியாது.
என் விடைக்கு நேரே
சரிபார்க்கக் காத்திருக்கிறது என்று இருக்கிறது.
ஐந்தாமவர் முடிக்க வேண்டும்.
இரண்டும் பொருந்தினால்தான் விடை.
அவர் ஊரில் கரண்ட் எப்படியோ,
அவர் வீட்டில் யார் திட்டுகிறார்களோ.

அடுத்த துண்டு வந்துவிட்டது.
மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடமாம்.
பார்க்கலாம்.
மீட்டரில் 0.9.
கீசரைப் போட்டேன்.