ஒன்பதாம் கட்டம்

புயலின் பெயர் தானே.
பெயர்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை.
படிவத்தின் முதல் வரியே அதுதான்.
ஒன்பதாம் கட்டம்: தாவரவியல் பெயர்.

பி.எஸ்சி. தாவரவியல், இரண்டாம் வகுப்பு,
தினக்கூலிக் கணக்கெடுப்பாளர் நான்.
காடாம்புலியூரில் இறங்கியதும்
சாலையைத் தேட வேண்டியிருந்தது.
செம்மண்ணுக்கு மேலே வேர்கள்,
வெயில் பழக்கமில்லாதவை.
முந்திரித் தோப்புக்குள்ளிருந்து
அவ்வளவு வானத்தை
அங்கே யாரும் பார்த்ததில்லை.

அஞ்சலாட்சி முன்னால் நடந்தாள்,
அரிவாள் பிடியால் ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணியபடி.
எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள்.
அனகார்டியம் ஆக்சிடென்டேல்.

"ஆக்சிடென்ட்டா?
அப்படியே போட்டுக்கோ.
ஆக்சிடென்ட்டுன்னா கூடக் குடுப்பாங்களா?"

இல்லை அக்கா, அது மேற்கு என்று அர்த்தம்.
மேற்கே கடல்தாண்டி வந்த மரம்.
"வந்தது மேக்க இருந்து,
போனது கெழக்க இருந்து வந்த காத்துல"
என்று அடுத்ததைத் தட்டினாள்.

அனா என்றால் மேலே, கார்டியா இதயம்,
இதய ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருக்குமே, அந்தக் கார்டியா.
பழத்துக்கு வெளியே தொங்கும் கொட்டையைக்
கிரேக்கச் சொல்லால் அப்படி அழைத்திருக்கிறார்கள்.
"நெஞ்சை வெளியில வெச்சிக்கிட்டு எது பொழைக்கும்?
இது முந்திக்கிட்டு வந்தது. அதான் முந்திரி."

கடைசியில் ஒரு எல், ஒரு புள்ளி.
"இந்த எல்லு யாரு?"
பெயர் வைத்தவரின் இனிஷியல்.
நமக்கு முன்னால் வரும், மரத்துக்குப் பின்னால்.
அவள் நின்றுவிட்டாள்.
"பட்டா அவரு பேர்லயா இருக்கு?"

அன்றிரவு பண்ருட்டி லாட்ஜில், மெழுகுவத்தியில்,
கல்லூரி நாளின் அகராதியைப் புரட்டினேன்.
ஆக்சிடென்டேல், ஆக்சிடென்ட்:
இரண்டுக்கும் லத்தீனில் வேர் ஒன்றுதான்.
காதெரே.
விழுதல்.
சூரியன் விழும் திசை அது.
தலைமேல் வந்து விழுவது இது.
அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.
எண்பத்து மூன்று மரங்களுக்கு நேரே
எண்பத்து மூன்று முறை
விழுந்தது விழுந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன்,
கையெழுத்துக் கோணாமல்.

மறுநாள் பலா. ஒற்றை மரம்.
ஆர்ட்டோஸ் ரொட்டி, கார்போஸ் பழம்.
சிரித்தாள், அந்த வாரத்தில் முதல்முறையாக இருக்கலாம்.
"முள்ளு வெச்ச ரொட்டி எந்த ஊர்ல விக்குது?
இதுக்குப் பேரு கடன்காரன்.
ஆடிக்கு ஆடி வட்டி கட்டினது இதுதான்.
அதையே எழுது."

எழுதினேன். ஏன் என்று கேட்டால்
இன்றைக்கும் பதில் இல்லை.
வேலியோரம் முறிந்துகிடந்த முருங்கையைப்
படிவம் கேட்கவே இல்லை.
லத்தீனுக்குள் நம் பெயரோடே போய்
மொரிங்கா என்று உட்கார்ந்துகொண்ட மரம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

படிவம் திரும்பி வந்தது
ஒன்பதாம் கட்டத்தில் சிவப்பு வட்டத்தோடு:
'கடன்காரன் தாவரம் அல்ல.'

சித்திரையில் திருத்தக் கையெழுத்து வாங்கப் போனேன்.
தோப்பில் நிழல் இல்லை.
அறுத்தெடுத்த பலாவின் அடிக்கட்டையில்
ஏதோ துளிர்த்திருந்தது,
மூன்றாய்ப் பிளந்த இலைகளோடு.
களை என்று நினைத்துக் குனிந்து பிடுங்கப் போனேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
"அதுதான் அது.
கன்னா இருக்கறப்ப எலை வேற மாதிரி.
மரமானாதான் ஒழுங்கா வரும்."

ஹெட்டரோஸ், வேறு. ஃபில்லோன், இலை.
இரண்டு மதிப்பெண் வினா.
சரியாக எழுதி வாங்கியிருந்தேன்,
அந்த இலையைப் பார்க்காமலே.

அடிக்கட்டைமேல் படிவத்தை வைத்து
ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டரோஃபில்லஸ் என்று
வட்டத்துக்குள் நெருக்கி எழுதினேன்.
கடன்காரனை அடிக்கவில்லை.