சேத மதிப்பீடு

மேலமாசி வீதி லாட்ஜின் மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
மணி ஐந்து நாற்பது. காற்று வைகைப் பக்கமிருந்து,
அதாவது காற்றே இல்லை.

பெட்டியைத் திறந்தால் தேவதாரு வாசம். உள்ளே இருபது.
திருவேங்கடம் கொடுத்தனுப்பியது,
"சும்மா, ருசி பார்த்துச் சொல்லுங்க சார்" என்று.
பார்த்துச் சொல்வதுதானே தொழில் எனக்கு:
எரிந்த ஆலை, மூழ்கிய லாரி,
இடி விழுந்த கோழிப்பண்ணை.

ஆகவே முறைப்படி.
நீளம் ஐந்தரை அங்குலம், ஸ்கேல் வைத்து.
மேலிலை வெளிர் பழுப்பு, நரம்பு மெலிசு,
ஓரிடத்தில் மட்டும் பச்சை மறு.
அழுத்திப் பார்த்தால் நுனி முதல் அடிவரை ஒரே இறுக்கம்.
பற்றவைக்குமுன் உறிஞ்சியதில்
மழை படாத வைக்கோல், கொஞ்சம் கொத்தமல்லி விதை.
நகவெட்டியால் நுனி வெட்டியது என் குற்றம்;
மதிப்பெண்ணில் சேராது.

முதல் பங்கு:
வறுத்த முந்திரி. மூக்கு வழி விட்டால் வெள்ளை மிளகு,
தும்மலுக்கு ஒரு படி கீழே நின்றுகொள்கிறது.
போன வருஷம் வேடசந்தூர் வழக்கில்
ஒரு நாட்டுச் சுருட்டை இழுத்துவிட்டுக்
கண் இருட்டி உட்கார்ந்தவன் நான்.
இது அடிக்கிற ஆள் இல்லை,
தோளில் கைபோட்டுப் பேசுகிற ஆள்.
மிதம் என்று எழுதி, அடித்துவிட்டு,
மிதத்துக்கும் நடுத்தரத்துக்கும் நடுவே என்று எழுதினேன்.

நடுப்பங்கில் பருத்திப்பால்.
சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அதேதான்:
கருப்பட்டி, சுக்கு, நாக்கின் அடியில் அந்த மாவு வழவழப்பு.
கீழவாசல் தள்ளுவண்டிக்காரர் ஊற்றிக் கொடுப்பதில்
பாதி இதில் இருக்கிறது.
பருத்தி என்று எழுதியதும் பேனா நின்றது.

சூடு நெருங்க, காகிதப் பட்டையைக் கழற்றினேன்.
கோந்து இளகி முழுசாய் வந்தது, மோதிரம் மாதிரி.

கப்பலூர்க் குடோனில் நான் எண்ணிய இரும்புப் பட்டைகள்
இருநூற்றுப் பதினொன்று.
எரிந்ததாய்ச் சொன்ன பேல்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பேலுக்கு எட்டுப் பட்டை.
"மீதி காயலான் கடைக்குப் போச்சு சார்,
பசங்க தெரியாம தூக்கிப் போட்டுட்டானுங்க."
இருக்கலாம் என்று குறித்திருந்தேன்.

கடிகாரம் பார்த்தேன். ஆறு முப்பத்தைந்து.
கட்டைவிரல் தடிமன் இலை, ஐம்பத்தைந்து நிமிஷம்,
இன்னும் இரண்டு அங்குலம் பாக்கி.
சாம்பல் உதிராமல் நிற்கிறது, உள்ளே சிவப்பு.
இறுக்கிக் கட்டியது எதுவும்
அவசரமாய் எரிவதில்லை.
அழுத்திக் கட்டிய பருத்தி
தண்ணீர் அடித்த பிறகும்
வாரக்கணக்கில் உள்ளுக்குள் புகையும்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு நான் போனபோது
அந்தச் சாம்பல்மேல் ஒரு பூனை
படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.
போட்டோ எடுத்தேன்.
அழகாயிருந்தது என்றுதான் எடுத்தேன்.

செண்பகவடிவு போன் பண்ணினாள்.
குரல் ஏன் கரகரப்பாய் இருக்கிறது என்றாள்.
வேலை என்றேன்.
ஜங்ஷனில் ஏதோ ரயில் தாமதமென்று
மூன்று மொழியில் வருத்தப்பட்டார்கள்.

கடைசிப் பங்கு:
காப்பி மண்டி, புதுச் செருப்புத் தோல்,
முடிவில் வேப்பங்கொட்டை அளவு கசப்பு.
அதற்குள் விரல் சுட்டது.

கட்டு, எரிதல், சுவை, வாசம்
எல்லாம் கூட்டி நூற்றுக்குத் தொண்ணூறு.
வந்த வழிக்காகக் குறைக்கலாமா என்று பார்த்தேன்.
அது சுருட்டின் தப்பில்லை.

காலையில் கூரியர்.
பெறுநர்: திருவேங்கடம், கப்பலூர்.
வந்தது இருபது.
திருப்பி அனுப்புவது பத்தொன்பது.
ஒன்று, தீயில் முழுச் சேதம்.