வானிலைக்குக் கீழே

க்ரோனிங்கன் கடுகு ஆலையிலிருந்து
வீப்கே போல்ஹாஸ் வந்திருந்தாள்,
கையில் நாங்கள் அச்சிட்ட வரைபடம்.
நடுவில் ஓர்டெலியா நிறுவனம், பெரிய வட்டமாக.
சுற்றிலும் அது விழுங்கிய நாற்பத்தொரு பெயர்கள்.
முப்பத்தாறாவது அவளுடையது.

"நான் யாருக்கும் விற்கவில்லை" என்றாள்.
குரல் உயரவில்லை.
பங்குப் பதிவேட்டை மேசைமேல் விரித்தாள்:
அவள், அவள் தம்பி.
வங்கியையும் சேர்த்தால் மூன்று பேர்.

பிழையின் வேரைத் தேடினேன்.
ஓர்டெலியாவுக்குக் குப்பி வார்க்கும் ஆலையில்தான்
இவளும் குப்பி வாங்குகிறாள்.
மூடி ஒன்றுபோல் இருந்ததால்
முதலாளியும் ஒருவர்தான் என்று எழுதிவிட்டோம்.

மறுநாள் திருத்தம் வந்தது.
இரண்டு வரி, வானிலைக்குக் கீழே.
தவறோ முழுப் பக்கம், நான்கு வண்ணம்.
முழுப் பூசணிக்குக் கடுகளவு பரிகாரம்;
அவளிடம் போய்க் கடுகளவு என்று சொல்லவும்
வாய் கூசியது.

சனிக்கிழமை மீன்சந்தைப் பக்கம் போனேன்.
கூட்டுறவுக் கடைக் கதவில்
அதே வரைபடம், பிளாஸ்டிக் உறைக்குள்:
'இவற்றை வாங்காதீர்கள்.'
நல்லவர்கள் ஒட்டியது. அதுதான் சங்கடம்.
கெட்டவர்கள் என்றால் சண்டையாவது போடலாம்.

வெட்டி எடுத்துப் போயிருந்த இரண்டு வரியை
முப்பத்தாறாவது பெயரின்மேல் ஒட்டினேன்.
ஓரம் நிற்காமல் சுருண்டது.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் யெல்மர் வெளியே வந்து,
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"சரி" என்றார்.
பிறகு வட்டத்தைச் சுற்றி மெதுவாக விரலை ஓட்டினார்.
"மற்ற நாற்பதும்?"

தூறல் தொடங்கியிருந்தது.
பதினெட்டுவரை பார்த்திருக்கிறேன் என்றேன்.