சப்பைத் தண்ணி

வடவள்ளி பல் ஆஸ்பத்திரியில்
ஊசிக்குப் பயந்தவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே
இரண்டடித் தொட்டி.
ஆறு நியான் டெட்ரா, மூடி திறக்காத ஒரு புதையல் பெட்டி,
மூன்று நத்தைகள்.
மீன்கள் டாக்டருடையவை. நத்தைகள் என்னுடையவை.

கண்ணாடி பச்சையேறி மீனே தெரியாமல் போன சித்திரையில்
உக்கடத்து தஸ்தகீர் கடையில் வாங்கினேன்,
ஒன்று அறுபது ரூபாய்.
மஞ்சள் ஓட்டில் கறுப்புக் கோடு.
"பாசியத் தவிர எதையும் தொடாதுங்க்கா.
முட்டை வைக்கும், ஆனா பொரிக்காது.
அதுக்குக் கடல் வேணும்."

முதல் ராத்திரி மேய்ந்த தடம் காலையில் தெரிந்தது,
கரண்ட் போய் பாதியில் நின்ற சவரம்போல.
டாக்டர் மோகனப்பிரியா குனிந்து பார்த்தார்:
"நாக்கு பூராவும் பல்லு இதுக்கு. தேயத் தேய மொளைக்கும்.
எல்லாரும் இப்பிடி இருந்தா நான் கடையச் சாத்தணும்."

ஆடியில் ஓட்டு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி.
ஆவணியில் அது பள்ளம்.
வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து
டாக்டரே சொன்னார், "சொத்தை மாதிரித்தான். தண்ணி சரியில்ல."
தண்ணி சரியில்லையா?
சிறுவாணிங்க!
கல்யாணப் பேச்சில் நகைக்கு முன்னால்
தண்ணியைச் சொல்லுகிற ஊருங்க இது.
மீட்டரை முக்கினால் நாற்பதைத் தாண்டவில்லை.
அத்தனை நல்ல தண்ணி
ஓட்டிலிருந்த சுண்ணாம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக்
கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் குண்டடத்துக்குத் தெற்கே.
போர் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
குடத்தடியில் வெள்ளை கட்டும்.
அந்தத் தண்ணி என் முன்பல் இரண்டில்
பழுப்பாய்க் கோடு போட்டுவிட்டது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் கேட்டார்:
"மூடிப் போட்டுரலாமா? சம்பளத்துல புடிச்சுக்கறேன்."
அப்பறம் பாக்கலாங்க என்றேன்.
எல்லோரும் முகக்கவசம் போட்ட வருஷத்தில்தான்
நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலில்
சப்பைத் தண்ணி பிடித்துக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினேன்.
பக்கத்துச் சீட்டு அம்மா, "தீர்த்தங்களா?"
ஆமாங்க.
"சித்தெ ஒரு வாய் குடுங்க கண்ணு."
கண்ணில் ஒற்றி, குடித்து,
சிங்காநல்லூர் வரைக்கும் என்னோடு பேசவேயில்லை.

வாரத்துக்கு ஒரு சொம்பு, நல்ல தண்ணியோடு கலந்து.
பழைய பள்ளம் தூரவில்லை; அது தூராதாம்.
வாயோரம் புதிதாய் வளர்ந்த விளிம்பு மட்டும்
வழவழவென்று, நகம்போல.

ஒரு நத்தை ஐப்பசி மழையில் தொட்டியேறிப் போய்விட்டது.
இரண்டு நாள் கழித்துச் செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே,
கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது.
செருப்பு ஸ்டாண்டு கிழக்குச் சுவரில்.
ஊர்ப்பக்கம் கிளம்பியதாக நான் சொல்லவில்லை,
அங்கே ஈரம் இருந்தது, அவ்வளவுதான்.
தண்ணியில் போட்டதும் திறந்து, கோபமில்லாமல் நடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முட்டை சுரண்டுவேன்.
கண்ணாடியெங்கும் ரவை சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளி,
கல்லாட்டம் பிடித்திருக்கும்.
டாக்டர் கழித்துப்போட்ட காரைக்கொக்கிதான் கேட்கும்.
உள்ளே நாற்காலியில் எழும் அதே சத்தம் இங்கேயும் எழ
பெஞ்சில் இருப்பவர்கள் தாடையைப் பிடித்துக்கொள்வார்கள்.
இங்கிருந்து எந்தக் கடலுக்கும் ஒரு ராத்திரி பஸ்.
அதுகளுக்கு அது தெரியாது, வைத்துக்கொண்டேயிருக்கின்றன.

கன்னம் வீங்கிய பையன் ஒருவன் போன வாரம்
தொட்டியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டான்,
"அக்கா, இந்த வெள்ளை எல்லாம் அதோட பல்லா?"
இல்ல சாமி, முட்டை என்றேன்.
என் வாயையே பார்த்தான்.
"உங்க பல்லுலயும் கோடு இருக்குது. நத்தையாட்டமே."
ஆமா என்றேன், சிரித்தபடி,
கையால் மறைக்க நினைவு வருவதற்குள்
டோக்கன் ஏழு, உள்ளே வரச் சொன்னார்கள்.